றஞ்சி மாமியின் நிலவறைப் பாட்டுகள்

இன்று டீட்டிகோனில் எங்கள் கட்டடத்து நிலவறைக்கு உடுப்புத் தோய்க்கப் போனபோது, ஈரக் கொங்கிறீட்டும் சவர்க்காரத் தூளும் கலந்த மணம் என்னைச் சின்ன வயதில் வாழ்ந்த ஓஸ்டர்முண்டிகன் ஊருக்கு இழுத்துக்கொண்டு போனது. நாங்கள் அங்கே இருந்த கட்டடத்தை இப்போது இடித்துவிட்டார்கள். அதன் அடியில், யுத்தம் வந்தால் ஒளிப்பதற்கென்று கட்டிய தடித்த கதவுள்ள அறையில், எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டைத் தட்டுகளை ஒட்டிவைத்து, றஞ்சி மாமி பாட்டுகள் பதிவு செய்தா.

ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்த மாமிக்குக் கறுப்பு அமெரிக்கர்களின் சோல், டூ-வாப் பாட்டுகளில் பைத்தியம். ஞாயிறு பின்னேரங்களில் அம்மாவும் மாமியோடு வேலை செய்த மூன்று பெண்களும் வருவார்கள். ஒருத்தி தமிழில் பாட, மற்றவர்கள் "டும் டும் வா" என்று வாயையே வாத்தியமாக்குவார்கள். நான் குளிர்ந்த தரையில் படுத்திருந்து அந்த அதிர்வை முதுகால் கேட்பேன்.

ஒருநாள் இசை நிறுவனத்துக்காரர் ஒருவர் வந்து பாட்டுகளைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"குரல்கள் அருமை. ஆனால் ஆங்கிலத்தில் பாடினால்தான் வெளியிடுவோம். தமிழில் பாடினால் யார் கேட்பார்கள்?"

"நாங்கள் கேட்போம்," என்று மாமி அந்த ஊர் மொழியான ஜெர்மனில் சொன்னா.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு எழும்பினார். அம்மாவும் முகம் வாடி ஜாக்கெட்டை எடுத்தா.

"நீங்கள் எங்கை போறியள்? போறது அவர்தானே. முதல் வரியிலயிருந்து பாடுங்கோ," என்றா மாமி.

அன்று பதிந்த பாட்டோடு தன் முதல் சிடியைத் தானே வெளியிட்டா. பிறகு இன்னும் பத்து வந்தன. எந்த வானொலியும் போடவில்லை. எங்கள் கலியாண வீடுகள் எல்லாவற்றிலும் அவைதான் ஒலித்தன. ஒன்றுகூட ஆங்கிலத்தில் இல்லை.