கை தூக்கிய ஒன்பது பேர்

ஒன்பது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். வெளிநாட்டில் ஒரே வீட்டில் தங்கி, படித்துக்கொண்டே கிடங்கில் பெட்டி கட்டிய மாணவர்கள் ஒன்பது பேர். பரீட்சையன்று வேலைக்குப் போவதில்லை என்று அத்தனை பேரும் கை தூக்கினார்கள்.

"அவங்க பாஷை உனக்குத்தான் நல்லா வருது நெட்டை. எங்களுக்கும் சேர்த்து நீயே பேசு," என்று அறைத்தோழன் அவனை மேலாளர் முன்னே தள்ளினான்.

நெட்டை பேசினான். மேலாளர் மற்றவர்களைப் பார்த்தார். அவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள்.

"நாங்க வந்துருவோம் சார். இவன்தான் கிளப்பிவிட்டான்," என்றான் அறைத்தோழன்.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியவனுக்கு வேலை போயிற்று.

அன்று சமையல் முறை அவனுடையது. எட்டுப் பேரும் பசியோடு வந்து உட்கார்ந்தார்கள்.

"என்ன மச்சான், சாப்பாடு ரெடியா?"

அவன் சமைத்தது ஒரு ஆளுக்கு.