மேற்கே சுற்றும் உருண்டை

படம் தொடங்க மணி அடித்ததும் தனபாலன் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார். விளக்கு அணையும். சென்சார் சான்றிதழ் வந்து போகும். படக் கம்பெனியின் முத்திரையான எம்பளம் வருகிற நேரத்தில் சரியாகக் குனிந்து செருப்பைத் தேடத் தொடங்குவார். திரையில் நட்சத்திரங்களுக்கு நடுவே நீல உருண்டை ஒன்று சுழலும். அதன் மேல் 'ராஜபுவனம் பிலிம்ஸ்' என்று பொன்னெழுத்து எழும்பும். கூடவே ஒலிக்கும் வீணை ஓய்ந்த பிறகுதான் நிமிர்வார்.

எட்டு விநாடி. அந்த எட்டு விநாடியை வரைந்தவரே அவர்தான்.

தியாகராய நகரில் ஒரு மோட்டார் ஷெட்டுக்கு மேலே அவருடைய அறை. தொழில், படங்களுக்கு டைட்டில் எழுதுவது. சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதும் சுட்டுவிரல் தொடையில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும். எழுத்தின் உயரத்தால் வரும் சண்டைகளைக் கதை கதையாகச் சொல்வார். "ஈரோ பேரு ஒரு நூல் கொறஞ்சா போதும் சார், ஊட்டாண்ட ஆள் வந்து நிப்பான்."

ஐந்தாவதோடு படிப்பை விட்டவர். அறுபத்தொன்பதாம் வருஷம் அந்த எம்பளம் வேலை வந்தபோது யாரையும் கேட்கவில்லை. சூரியன் கிழக்கே கிளம்பி மேற்கே போகிறது, பூமியும் அந்தப் பக்கம்தான் போகும் என்று தானே முடிவு செய்துகொண்டார். ஒரு மாதம் உட்கார்ந்து தொண்ணூற்றாறு படம் வரைந்தார். கேமராமேன் பார்த்தார், எடிட்டர் பார்த்தார், முதலாளி சுப்பராமன் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, மயிலாப்பூர் தியேட்டருக்கு மகள் ஜானகியைக் கூட்டிப்போனார். எட்டாவது படிக்கிறாள். நைனா போட்ட உருண்டை என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அன்று உருண்டை சுற்றி முடிந்ததும் மெதுவாகக் கேட்டாளாம்.

"நைனா, பூமி மேக்கேருந்து கெழக்கால இல்ல சுத்தும்?"

சினிமாவுக்கு இப்படித்தான் என்றிருக்கிறார். அவளும் தலையாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் அவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. "அவ கேட்டது கூட பெர்சா இல்ல சார். தலையாட்னா பாரு, அதான்."

மறுநாளே முதலாளியிடம் போய், கூலி வேண்டாம், திருப்பி வரைந்து தருகிறேன் என்று நின்றார். சுப்பராமன் கெட்டவர் இல்லை. முதல் படம் நூறு நாள் ஓடியது இந்த உருண்டையால்தான், ராசியான பொருளில் கை வைக்க மாட்டேன் என்று வெற்றிலை கொடுத்து அனுப்பிவிட்டார். கம்பெனியின் நான்காவது படம் ஓடாமல் இரண்டே வாரத்தில் பெட்டிக்குத் திரும்பியது. ஊரில் அதற்காகச் சந்தோஷப்பட்டவர் தனபாலன் ஒருவராகத்தான் இருக்கும். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மறுபடி போனார். தப்பு டைரக்டர் மேல், உருண்டை மேல் இல்லை என்று பதில் வந்தது.

அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள் என்று, ஒருநாள் அவரோடு படம் பார்க்கப் போயிருந்தபோது இடைவேளையில் சமாதானம் சொன்னேன்.

"நீ பாத்தியா இல்லியா, அத்த சொல்லு."

பார்த்திருந்தேன். அவரை எனக்குத் தெரிவதற்கு முன்பு, லஸ் முனையில் டீ குடிக்கும்போது நண்பர்களிடம் அந்த உருண்டையைச் சொல்லிச் சிரிக்கவும் வைத்திருந்தேன். ஒரு வாரம் அந்தக் கும்பலில் எனக்கு நல்ல பெயர். திரையில் ஓடிய விளம்பர ஸ்லைடைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். அவர் தொடையில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது.

ஜானகிக்குப் பூகோளம் எடுக்கும் சீதா டீச்சர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். போன வாரம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அரைப்பரீட்சையில் அந்தப் பெண் எல்லாக் கேள்விக்கும் சரியாக எழுதியிருந்தாளாம். பூமி எந்தத் திசையில் சுழல்கிறது என்பதற்கு மட்டும் கேள்வி எண்ணைப் போட்டு, பக்கத்தில் இரண்டு வரி காலியாக விட்டிருந்தாளாம். மறந்துவிட்டாளோ என்று டீச்சர் கூப்பிட்டு வாயால் கேட்டதற்கும், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம்.