ஒரு காதில் பாட்டு, மறு காதில் மெஷின்

ஆதிலட்சுமி அக்கா பாகூர் கடைத்தெருவில் மாவு மெஷின் வைத்திருக்கிறாள். பக்கத்துத் துணிக்கடை என்னுடையது. பதினைந்து வருஷமாக அந்த இரைச்சலைத் திட்டிக்கொண்டேதான் வியாபாரம் செய்கிறேன். அந்த இரைச்சலுக்குள் அவள் பாடுவாள். கட்டைக் குரல். சின்ன வயதில் பள்ளிக்கூடத்து வாத்தியார், "நீ வாய மட்டும் அசை, போதும்" என்று சொல்லிவிட்டாராம். அதிலிருந்து மெஷின் ஓடினால்தான் பாட்டு.

போன வருஷம் ஆன்லைனில் பெண்கள் சேர்ந்து பாடும் குழு ஒன்றில் அவள் பெயரை நான்தான் கொடுத்தேன். முதல் நாள், குழு ஏற்கெனவே பாடியிருந்த பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார் குழுவை நடத்தும் அன்புராஜ் சார். மேல்குரலுக்கு ஒரு மெட்டு, நடுக்குரலுக்கு ஒன்று, கீழ்க்குரலுக்கு வேறொன்று. மூன்றும் சேர்ந்து ஒரே பாட்டு. அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பரிதா, இதுல நானும் இருக்கணும்டி."

சார் அவளைக் கீழ்க்குரலில் போட்டார். அவரவர் பாடிப் பதிந்து அனுப்பினால் அவர் ஒன்றாகச் சேர்ப்பார். இந்த மகராசி மெஷினை ஓடவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்று பாடி அனுப்பினாள். "பாட்டு எங்கம்மா? வெறும் இரைச்சல்தான் வருது" என்றார் சார். சனிக்கிழமைக்குள் சரியாக அனுப்பாவிட்டால் இந்தப் பாட்டில் அவள் குரல் இருக்காது.

சார் அனுப்பியிருந்த பாட்டை இயர்போனில் கேட்டபடி, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாடினாள். அதிலிருந்த மேல்குரல் இழுக்க, அதன் பின்னாலேயே போய்விட்டாள். ஏழு தடவை.

"எனக்கு வராதுடி, வுடு."

எனக்கு வந்ததே கோபம். "இன்னாக்கா வுடு? மெஷின் கத்தறப்ப மட்டும் எப்டி தப்பாம பாடற?"

"அந்தச் சத்தத்துல என் கொரல நானே கெட்டியா புடிச்சிக்குவேன். வேற எதுவும் இழுக்காது."

"அப்ப மெஷின காதுல மாட்டிக்க" என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். அக்கா என் போனைப் பிடுங்கிக்கொண்டு கடைக்கு ஓடி, மெஷின் சத்தத்தைப் பதிந்து வந்தாள். ஒரு காதில் அவள் போனிலிருந்து பாட்டு, மறு காதில் என் போனிலிருந்து மெஷின். பதிவதற்கு அவள் வீட்டுக்காரர் மணிவண்ணனின் போன். ஒரே தடவையில் பாடி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் எல்லாரும் கூடியிருந்தார்கள். சார் சொன்னார்: "கீழ்க்குரல்ல மத்த நாலு பேரும் தடுமாறியிருக்கீங்க. பாகூர் ஆதிலட்சுமி அக்கா பாடினத அனுப்பறேன். அதக் காதுல வெச்சுக்கிட்டு, அவங்களோட சேர்ந்தே பாடி அனுப்புங்க."

கோயம்புத்தூர் டாக்டரம்மா, துபாயில் இருக்கும் டீச்சர், எல்லாரும் எங்கள் மாவு மெஷின்காரி குரலைப் பிடித்துக்கொண்டு பாடப்போகிறார்கள்.

அக்கா மைக்கை ஆன் செய்தாள். "சீக்கிரம் பாடி அனுப்பச் சொல்லுங்க சார். எல்லாரு கொரலும் சேர்ந்து நான் கேக்கணும்."