தலைவரின் கழுத்தில் உத்தரியம்

கல்மண்டபம் பகுதியில் மஜீது பாயின் ஃபிளெக்ஸ் கடையில் ஜானட் டிசைன் வேலை செய்கிறாள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பி.காம். முடித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தாள். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அவர்களுடைய தலைவருக்கு வயதைக் குறைப்பாள், தொப்பையைக் கரைப்பாள், தலைக்குப் பின்னால் ஒளி வைப்பாள். கூட்டம் போதாவிட்டால் அதே கூட்டத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டுவாள். "எல்லாம் டிசைனுதான், இத யாரு நம்பப் போறா?" என்பாள்.

என் மனைவி பட்டம்மாள் நம்பினாள்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எம்.கே.பி. நகரில் எங்கள் கீழ்த்தளம் மூழ்கியது. அவளுக்குக் கடும் காய்ச்சல், நினைவு தப்பிவிட்டது. மீனவர்கள் லாரிகளில் படகு கொண்டுவந்திருந்தார்கள். பக்கத்து வீட்டார் அவளைப் படியிறக்க, இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒருவர் இரு கைகளிலும் வாங்கிக்கொண்டார். மாடியிலிருந்து அவர் உச்சந்தலையைத்தான் நான் பார்த்தேன். படகில் எனக்கு இடமில்லை. பிழைத்து வந்தவளுக்கு, அவரைக் கண்டு நன்றி சொல்ல வேண்டும் என்பதே ஒரே தவிப்பு.

சில வாரங்களில் தெருமுனையில் பேனர் எழுந்தது. வெள்ளத்தில் ஒரு கட்சியின் தலைவர் நிற்கிறார். அவர் கைகளில் பட்டம்மாள்.

"இவருதான்யா என்னை தூக்கினாரு!"

வெள்ளத்தன்று அவர் டெல்லியில் இருந்த செய்தியை, நான் எடுத்துவைத்திருந்த பேப்பரில் காட்டினேன்.

"பேப்பர்ல வெறும் எழுத்து கீது. இங்க படமே கீதே!"

வீட்டில் மாட்ட அதே படம் வேண்டும் என்று, பேனர் அடித்த மஜீது பாய் கடைக்கு என்னை இழுத்துப் போனாள். அங்கே அந்தக் கட்சியின் வட்டச் செயலாளர் தாமோதரன் கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா ஜானட், தலைவர் கழுத்துல கயிறு தொங்குது! எப்போ ஞானஸ்நானம் வாங்கினாருன்னு டீக்கடையில ஓட்டுறானுங்க."

ஜானட் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கார்மேல் மாதா உத்தரியம் அது; கத்தோலிக்கர்கள் கழுத்தில் அணியும், மாதா படத் துணித்துண்டு கோத்த கயிறு. கடலுக்குப் போகும் ஆண்கள் கழுத்தில் அதைப் பார்த்தே வளர்ந்தவள். தலையை மாற்றியபோது, அதை அழிக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

"நீயுந்தான் பாத்து ஓகே சொன்ன, தாமு" என்றார் மஜீது பாய்.

"தலைவர் மூஞ்சி இன்னா சைஸு, மாவட்டச் செயலாளரு இன்னா சைஸு, நான் இன்னா சைஸு, அதான் பாய் நாங்க பாப்போம்! கழுத்த யாரு பாக்கறா?"

அப்போதுதான் பட்டம்மாளைக் கவனித்தார். "ஆயா, நீயே வந்துட்டியா! நாளைக்கு மேடையில தலைவருக்கு நீதான் மாலை போடற." சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஜானட் உத்தரியத்தை அழிக்க உட்கார்ந்தாள்.

"கண்ணு, இதுல சின்னதா ஒண்ணு குடு. உசுரு குடுத்தவரு, தெனம் கும்புடணும்" என்றாள் பட்டம்மாள்.

மௌஸைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. ஜானட் மஜீது பாயைப் பார்த்தாள். தாமோதரன்தான் கடையின் பெரிய வாடிக்கையாளர். பாய் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளத்தன்று யாரோ செல்போனில் எடுத்த அசல் படத்தை ஜானட் திரையில் திறந்தாள்.

"ஆயா, உன்னை தூக்கினது எங்க தெரு சவரிநாதன் அண்ணன். 'உன் தலைய எடுத்துட்டேன்ணே'ன்னு அவராண்டயே சொன்னேன். 'எடுத்துக்கோ தங்கச்சி, ரொம்ப நாளா பாரமா கீது'ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சுட்டேன்."

பட்டம்மாள் திரையருகே போய் அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

தாமோதரன் திரும்பியதும் சொன்னாள்: "நாளைக்கு நான் வர்ல நைனா. தூக்கினவரு வேற."

"படத்துல நீ கீறியே ஆயா!"

"நான் கீறேன். அவரு இல்லியே."

தாமோதரன் ஜானட்டை முறைத்தார். அன்றோடு அவருடைய ஆர்டர்கள் வேறு கடைக்குப் போயின. அங்கே கயிற்றையும் அழித்துக் கொடுத்தார்கள். ஜானட் இன்றும் அதே கடையில்தான் இருக்கிறாள். மற்ற தலைவர்களுக்கு வயதும் குறைக்கிறாள். ஆனால் செய்யாதவர் கையில் செய்தவர் வேலையை வைத்துத் தருவதில்லை.

அன்று மாலையே அவள் எங்களைச் சவரிநாதன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவர் வாசலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். பட்டம்மாள் அவருடைய ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை.

"அன்னிக்கி எவ்ளோ பேர ஏத்துனேன் ஆயா. உன் மூஞ்சியே எனக்கு ஞாபகம் இல்ல."

"எனக்கும் உன் மூஞ்சி தெரியாதுப்பா. இந்தப் பொண்ணுதான் காட்டிச்சு."

சாப்பிடவைக்காமல் அவர் மனைவி எங்களை அனுப்பவில்லை.