படிவத்தில் நான் எழுதாத வரி

நடந்தது 1985 ஐப்பசியில், போடிநாயக்கனூரில். ஆய்வகப் பயிற்சி முடித்து ஒரு சிறிய மருத்துவமனையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். வரிசையாகச் சொல்கிறேன்.

1. மலையில் ஏலத்தோட்ட வேலை செய்யும் பெண் ஒருவர், வலது காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவு கட்டியோடு வந்தார். வலி இல்லை. கூட வந்தவர், ஒரே வீட்டில் இருக்கும் அவருடைய நாத்தனார்.

2. அதைப் பொன்னுக்கு வீங்கி என்று நினைத்து, நாத்தனார் தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டிருந்தார். தங்கம் பட்டால் வீக்கம் வற்றும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஏழு மாதமாக அது அவர் கழுத்திலேயே கிடந்தது.

3. எச்சில் சுரப்பியில் கட்டி என்று டாக்டர் சந்தேகப்பட்டார். முன்பெல்லாம் கத்தி வைத்துத் துண்டு எடுத்துத்தான் பார்ப்பார்கள். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பி வழியாகத்தான் ஓடுகிறது. கத்தி அதில் பட்டுவிடலாம், கட்டியும் சிதறிப் பரவலாம். மெல்லிய ஊசியால் சில செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்கும் முறை அப்போதுதான் எங்களுக்கு வந்திருந்தது.

4. டாக்டர் ஊசியால் எடுத்தார். நான் கண்ணாடித் தகட்டில் பரப்பி, ஸ்பிரிட்டில் போட்டு, படிவம் எழுதி மதுரைக்கு அனுப்பினேன்.

என் தவறு நான்காவதில் இருக்கிறது.

ஊசிக்கு முன் சங்கிலியைக் கழற்றச் சொன்னபோது, "இது தங்கத்துக்கெல்லாம் கரையாது" என்று கொஞ்சம் கேலியாகவே சொன்னேன். நாத்தனார் அதை முந்தானையில் முடிந்துகொண்டார். டாக்டர் வெளியே போனபின், நான் படிவம் நிரப்பும்போது நாத்தனார் சொன்னார்:

"இன்னொன்னும் எழுதிக்க தாயி. மதினி தூங்கையில வலது கண்ணு மூடவே மாட்டேங்குது. எங்கண்ணன் எந்திரிச்சு எங்கிட்டுப் போறாருன்னு காவக் காக்குது போல."

"ஒங்கண்ணன் மூஞ்சிக்கு எவ வரப்போறா, நான் காவக் காக்க?" என்றார் அந்தப் பெண்.

மூவரும் சிரித்தோம். சங்கிலி போட்டு வைத்தியம் பார்த்தவர் சொல்வதுதானே என்று நான் அதை எழுதவில்லை. டாக்டரிடமும் சொல்லவில்லை.

ரத்தம்தான் இருக்கிறது, செல்கள் போதவில்லை, மறுபடி எடுத்து அனுப்பவும் என்று மதுரையிலிருந்து பதில் வந்தது. அது ஏலக்காய் பறிப்பு நேரம். முடித்துவிட்டு வருகிறோம் என்று மலையேறிவிட்டார்கள். அவசரம் என்று தடுக்க டாக்டரிடம் காரணம் இல்லை. காரணம் என்னிடம் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வந்தபோது கட்டி எலுமிச்சை அளவு. டாக்டர் நேரே மதுரைக்கு அனுப்பினார். அவர்கள் இடம் தெரியாது என்றதால் நானும் கூடப் போனேன். அங்கே சர்ஜன் கட்டியைத் தொடுவதற்கு முன், கண்களை இறுக்கி மூடச் சொன்னார். வலது கண் மூடவில்லை. கட்டி நரம்பைப் பிடித்துவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்றவர், எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார்.

"ஐப்பசிக்கு முந்தியே இருக்கு சார். அன்னைக்கே இந்தப் பிள்ளைகிட்டச் சொன்னேனே" என்றார் நாத்தனார். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

மறுபடி ஊசியால் எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று உறுதியானது. கட்டியோடு நரம்பையும் எடுக்க வேண்டியிருந்தது. பிறகு கரண்ட் என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு வைத்தார்கள். முந்தியே வந்திருந்தால் நரம்பு தப்பியிருக்குமா என்று சர்ஜனிடம் தனியாகக் கேட்டேன்.

"சொல்ல முடியாதும்மா" என்றார்.

மூன்று வருடம் ஆகிறது. கட்டி திரும்ப வரவில்லை. முகத்தின் வலது பக்கம் அசையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பெண் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து, துணைக்கு வந்த பிள்ளை என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார். அந்த ஒரு வரியை நான் எழுதியிருந்தால் இரண்டு மாதம் வீணாகியிருக்காது என்பதை இன்னும் அவரிடம் நான் சொல்லவில்லை.