ஐந்து ஏக்கரும் ஒரு நகரமண்டபமும்

1976 மார்ச் 13, சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். முகம் வழித்து, தேத்தண்ணி குடித்து, மழை தூறியதால் புல் வெட்டுவதை ஒத்திவைத்துவிட்டு, கந்தோருக்குப் போடும் சப்பாத்துகளை மினுக்கினேன். மத்தியானத்தோடு கடைகளைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் பத்து மணிக்கே மனைவியுடன் பென்டில் ஹில் ரயில் ஸ்டேஷனடிக்குப் போய் பாணும் இறைச்சியும் வாங்கி வந்தோம். இரண்டு மணிக்கு எங்கள் சங்கத்தின் நிர்வாகக் கூட்டம் இருந்தது.

சங்கம் என்றால், நகரசபைக்குக் கட்டும் வீட்டுவரியை ஊரில் நாங்கள் சோலைவரி என்று சொல்வோமே, அதைக் கட்டுகிற வீட்டுக்காரர்களின் சங்கம். முந்திய வருடம் நகரசபை கடன் எடுத்துப் புதிய நகரமண்டபம் கட்டப்போவதாக அறிவித்தபோது தொடங்கியது. கடனுக்கு வட்டி கட்ட வரியைக் கூட்டுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கையில் இல்லாத காசைச் செலவழிப்பது வீட்டில் எப்படிப் பிழையோ அப்படியே சபையிலும் பிழை என்று நினைப்பவன் நான். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால் சேர்ந்தேன். எழுத்து நேராக இருக்கிறது என்று சொல்லி என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். அங்கே கறுத்த முகம் என்னுடையது ஒன்றுதான்.

மனைவிக்கு இது பிடிக்கவில்லை. “வந்து மூண்டு வருஷம் ஆகேல்லை. அதுக்குள்ள கவுண்சிலோட கொழுவப் போறியள்” என்பாள். நான் கொழுவவில்லை, கடிதம்தான் எழுதுகிறேன் என்றால், “கொழும்பிலயும் அப்பிடித்தான் சொன்னனீங்கள்” என்று குசினிக்குள் போய்விடுவாள்.

எங்கள் பின்வேலிக்கு அப்பால் ஒரு மால்டாக்காரரின் கோழிப்பண்ணை. ஐந்து ஏக்கர். இருபது வருடங்களுக்கு முன்பு ரயில்வேயில் கூலிவேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கிய காணி. மாநிலத்தின் திட்டமிடல் கந்தோரில் யாரோ ஒருவர் அதை வரைபடத்தில் பச்சையாகத் தீட்டியிருந்தார். பச்சை என்றால் வருங்காலப் பூங்கா. தீட்டிய நாளிலிருந்து கொட்டிலைத் திருத்தக்கூட அனுமதி இல்லை. விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை.

முந்திய வருடக் கடைசியில் நகரசபையிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. காணியை “ரிசூம்” செய்ய உத்தேசித்திருப்பதாக அதில் இருந்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டு வேலியடிக்கு ஓடிவந்தார். ரிசூம் என்றால் மறுபடி தொடங்குவது. எனக்கும் அந்த அர்த்தம்தான் தெரியும். பண்ணை வேலையை மறுபடி தொடங்க விடுகிறார்கள் என்று இருவரும் சேர்ந்தே வாசித்தோம். இரண்டு வாரம் அவர் சந்தோசமாக இருந்தார். புதுக் கொட்டிலுக்கு மரம்கூட வாங்கி இறக்கிவிட்டார்.

அதன் பிறகுதான் சங்கத் தலைவரிடம் கேட்டேன். அவர் ஓய்வுபெற்ற பாங்க் மானேஜர். சிரித்துவிட்டார். இந்த நாட்டில் அரசாங்கம் காணியைச் சுவீகரிப்பதற்குச் சொல்லும் வார்த்தையே அதுதானாம். எல்லாம் ஆதியில் அரசருடைய காணி என்பதால், கொடுத்ததைத் திருப்பி எடுக்கிறார்கள் என்று கணக்கு. இதை நான் போய்ச் சொன்னபோது மால்டாக்காரர் வாங்கி இறக்கிய மரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “நான் இரவல் வாங்கவில்லையே. விலை கொடுத்தல்லவா வாங்கினேன்” என்றார்.

சங்கம் அவருடைய விசயத்தையும் எடுத்துக்கொண்டது. மண்டபமும் வேண்டாம், காணியைப் பறிக்கவும் வேண்டாம் என்று ஒரே மனு. அந்த மனுவுக்கு அவரைப்போல் யாரும் கையெழுத்துச் சேர்க்கவில்லை. முட்டை கொடுக்கப் போகிற வீடுகளிலெல்லாம் தாளை நீட்டினார். முட்டைக்குக் கையெழுத்து வாங்குகிற சங்கம் என்று ஒரு கவுன்சிலர் எங்களைக் கேலி செய்ததும் அதனால்தான்.

சனிக்கிழமைக் கூட்டம் தலைவருடைய கார்க் கொட்டகையில் நடந்தது. மழை தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஆளுக்காள் உரத்துப் பேச வேண்டியிருந்தது. மால்டாக்காரர் நிர்வாகக்குழுவில் இல்லை, அதனால் வரவில்லை. நகரசபையுடன் பேசி முடித்துவிட்டதாகத் தலைவர் சொன்னார். மண்டபத் திட்டத்தைக் கைவிடுகிறார்கள், இந்த வருடம் வரியும் ஏறாது. பதிலுக்கு, பூங்காவுக்கு எதிரான எங்கள் ஆட்சேபத்தை நாங்கள் திரும்பப் பெற வேண்டும்.

எல்லோரும் கை தட்டினார்கள். பூங்கா வந்தால் எங்கள் வீடுகளுக்கு விலை ஏறும் என்று பொருளாளர் சொன்னார். இனிமேல் காலையில் கோழி எச்சம் மணக்காது என்று இன்னொருவர் சொல்ல, சிரிப்பு எழுந்தது.

நான் எழுந்து, “இந்த மனுவில் பாதிக் கையெழுத்து அவர் வாங்கித் தந்தது” என்றேன்.

“செயலாளரே, உங்களுக்கு நல்ல மனசு” என்றார் தலைவர். “ஆனால் பாங்கில் இருந்தவன் சொல்கிறேன். கிடைக்கிறதை வாங்கிக்கொண்டு எழும்பத் தெரிய வேண்டும்.”

“அவருக்கு என்ன கிடைக்கிறது?”

“காசு கொடுப்பார்கள்.”

“பச்சை தீட்டிய காணிக்கு என்ன விலை மதிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.”

தலைவர் உடனே வாக்கெடுப்புக்கு விட்டார். எதிராக என் கை ஒன்றுதான் உயர்ந்தது. தீர்மானத்தை நான்தான் எழுதினேன். அது என் வேலை. வெளியே வரும்போது தலைவர் என் தோளில் தட்டி, பக்கத்து வீட்டுக்காரர் நீங்கள்தானே, நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்றார்.

மழையில் நடந்து வந்தேன். எவ்வளவு யோசித்தும் கணக்கு எனக்குச் சரிவரவில்லை. வரிப்பணத்தில் எழும்ப இருந்த ஒரு கட்டடத்தை நிறுத்திவிட்டு, அதே வரிப்பணத்தில் ஒரு மனிதனுடைய பிழைப்பை அடிமாட்டு விலைக்கு வாங்க அனுமதி கொடுத்திருந்தோம். சிக்கனம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

அவர்களுடைய வீடு இருட்டாக இருந்தது. சனிக்கிழமை மாலை புருசனும் மனைவியும் மாதா கோயில் பூசைக்குப் போய்விடுவார்கள். வீட்டுக்கு வந்தேன். என் முகத்தைப் பார்த்தே என் மனைவிக்கு விளங்கிவிட்டது. “வெண்டிட்டியளோ, மண்டபம் நிண்டிட்டுதோ?” என்று கேட்டாள். ஓம் என்றேன். “பிறகேன் இப்பிடி இருக்கிறியள்?” நான் சொல்லச்சொல்ல, கதிரையை இழுத்துப்போட்டு எனக்கு எதிரே இருந்து கேட்டாள். இந்த முறை என்னைக் குத்திக்காட்டவில்லை. “விடியச் சொல்லுங்கோ. வேற ஆரும் சொல்ல முந்தி நீங்கள் சொல்லுங்கோ” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், முகம் வழிக்காமல், தேத்தண்ணிகூடக் குடிக்காமல், முதல் வேலையாகப் பின்வேலியடிக்குப் போனேன். மால்டாக்காரர் தீனி வாளியோடு வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், “செக்ரட்டரி, மண்டபம்?” என்று தூரத்திலிருந்தே கேட்டார். நின்றுவிட்டது என்றேன். வாளியை வைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்து, வேலிக்கு மேலால் நீட்டி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் விடும்வரை காத்திருந்து மற்றதையும் சொன்னேன்.