ஷாஸ்தா மலையிலிருந்து திரும்பி வந்த கலாவதி

அமெரிக்காவில் சான் ரமோன் பக்கத்துத் தமிழ்ச் சங்கத்தார் கலாவதிக்குப் பொன்னாடை போர்த்த ஏற்பாடு செய்திருந்தார்கள். பனிக்காலத்து ஷாஸ்தா மலையுச்சியைத் தனியாளாகத் தொட்ட முதல் கொங்குப் பெண் என்று பேனரில் போட்டிருந்தது. முதல் பெண்ணா, பத்தாவது பெண்ணா என்று யார் போய் எண்ணிப் பார்த்தார்கள்? அதைக்கூட விட்டுவிடலாம். கலாவதி உச்சியைத் தொடவே இல்லை என்பதுதான் சங்கடம்.

வினையை இழுத்து வைத்தவர் அவள் கணவர் சுப்பையன். பாதி மலையில் சிக்னல் கிடைத்த இடத்தில், பனிக்கோடரியும் கையுமாக ஒரு படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தாள். அவர் கண்ணுக்குப் பனி தெரிந்தது, கோடரி தெரிந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் இன்னும் பாதி மலை நின்றது மட்டும் தெரியவில்லை. சங்கத்து வாட்ஸப் குழுவில் ‘உச்சியைத் தொட்டாச்சு’ என்று போட்டுவிட்டார். வாழ்த்துகள் வந்து குவிந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.

காலில் தெம்பு இல்லாததால் இறங்கவில்லை. முந்தின இரவு புதுப்பனி கொட்டியிருந்தது. படம் எடுத்த இடத்திலிருந்து வெகுதூரம் மேலே ஏறி அவள் காலை ஊன்றியதும் அடியில் ‘டொம்’மென்று ஒரு சத்தம், பூட்ஸ் முனையிலிருந்து ஒரு விரிசல் சரிவின் குறுக்கே ஓடியது. அப்படி ஓடினால் மேலே கிடக்கும் பனி மொத்தமும் சரிந்து வரலாம் என்பது மலையேற்றப் பயிற்சியில் அவள் படித்த முதல் பாடம். உச்சியோ, இதோ கைக்கெட்டும் தூரம் என்பதுபோல் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

கோபிச்செட்டிபாளையத்தில் அவளுக்கு மாப்பிள்ளையை முடிவு செய்தவர் அப்பா. அமெரிக்காவை முடிவு செய்தவர் சுப்பையன். வேலைக்குப் போகலாமா கூடாதா என்று பல வருஷம் முடிவு செய்தது விசா. அந்தச் சரிவில் முடிவைக் கேட்பதற்கு ஒரு ஜீவன்கூட இல்லை. “போதும், திரும்பு” என்று தனக்குத் தானே உரக்கச் சொல்லித் திரும்பினாள். இறங்கும் வழியெல்லாம் அவளுக்கு அழுகை வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையைத்தான் இப்போது விழுங்கச் சொன்னார் சுப்பையன், மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

“பழனிக்குப் போயிப்போட்டு பாதிப் படில திரும்பி வந்தாச்சுன்னா ஜனம் சிரிக்குமல்ல, அம்மிணி? ரெண்டு நிமிசம் ஸ்மைல் பண்ணி வாங்கிக்கோ. ஆரு வந்து வெரிஃபை பண்ணப் போறா?”

“பழனில முருகன் மேல நின்னு கூப்புடறாருங்க. அந்த மல ஆரையுங் கூப்புடல. நாமதான் பாத்துப் போவோணும், பாத்து வரோணும்.”

தலைவர் நெடுஞ்செழியன் அவளை மேடைக்கு அழைத்து, சரசரவென்று பொன்னாடையை விரித்தார். கலாவதி அவர் கைக்கு எட்டாமல் ஓரடி தள்ளி நின்று மைக்கைப் பிடித்தாள்.

“நான் உச்சிக்குப் போகலீங்க. காலடில பனி வெடிச்சுது, திரும்பிட்டேன். நீங்க பாத்த போட்டோ பாதி மலைல எடுத்தது. போறதுக்குத் தைரியம் வேணும்னு எல்லாரும் சொல்றீங்க. அவ்வளவு கிட்டப் போய்ட்டுத் திரும்பறதுக்கு அதவிட ஜாஸ்தி வேணும், எங்கிட்ட இருந்துச்சு. அதுக்காகப் போத்தறதுன்னா போத்துங்க. உச்சிக்காகன்னா மடிச்சு வெச்சுருங்க.”

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நெடுஞ்செழியன் பேனரைப் பார்த்தார், கையிலிருந்த ஆடையைப் பார்த்தார். சங்கத்துக்கென்று ஒரு முறை இருக்கிறதே! மடித்தே வைத்துவிட்டார். கலாவதிக்கு வலித்தது. வலிக்காமல் என்ன, அவள் என்ன கல்லா? ஆனாலும் வெறுந்தோளை நிமிர்த்திக்கொண்டுதான் படி இறங்கினாள். பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

சுப்பையன் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. பார்க்கிங்கில் காரைத் திறக்காமல் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அத்தன பேருக்கு முன்னால எம்பட மானம் போச்சு, கலா.”

“போனாப் போவுதுங்க,” என்றாள் அவள். “நான் வந்துட்டனல்ல?”